சேலையும் காற்சட்டையும் சட்டத்தின் முன்

2009 ஆம் ஆண்டு பெப்ரவரி 6 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. தென்னமெரிக்காவின் வடகரையிலுள்ள கயானாவின் தலைநகர் ஜோர்ஜ்டவுனில் பொலிஸார் சிலரைக் கைதுசெய்தார்கள். ஒருவர் இளஞ்சிவப்பு நிறச் சட்டையும் உடலோடு ஒட்டிய இறுக்கமான காற்சட்டையும் அணிந்திருந்தார். இன்னொருவர் பாவாடை உடுத்திருந்தார். அன்றிரவே பிடிபட்ட வேறு இருவர் பாவாடையுடன் தலையில் பொய்முடியும் அணிந்திருந்தனர். எதற்காகக் கைதுசெய்யப்பட்டோம் என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. வார இறுதியைப் பொலிஸ் காவலில் கழித்துத் திங்கட்கிழமை நீதவான் முன் நிறுத்தப்பட்டபோதுதான், 'ஆணாக இருந்துகொண்டு பெண்ணின் உடையில் பொது இடத்தில் தோன்றியமை' தம்மீதான குற்றச்சாட்டு என்பதை அறிந்தார்கள். அவர்களுக்காக ஆஜராகச் சட்டத்தரணி எவரும் இருக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தண்டப்பணம் விதித்த நீதவான், நீங்கள் ஆண்களே அன்றிப் பெண்களல்லர், தேவாலயத்துக்குச் சென்று யேசுவிடம் உங்களை ஒப்புக்கொடுங்கள் என்று ஆசனத்திலிருந்தவாறே அறிவுரையும் கூறி அனுப்பினார்.

ஐந்து மாதங்கள் கழித்து, ஜுலையில், சூடானின் தலைநகர் கார்ட்டூமில் உணவகம் ஒன்றினுள் நுழைந்த பொலிஸார் 13 பெண்களைக் கைதுசெய்தனர். காற்சட்டை அணிந்திருந்ததே அவர்கள் செய்த குற்றம். அவர்களில் பத்துப் பேர் தலா பத்துக் கசையடிகளைப் பெற்றுக்கொண்டு வெளியேறினர். லுப்னா ஹுசைன் என்ற பத்திரிகையாளர் அதற்கு உடன்படவில்லை. சூடானின் 1991 ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின் 152 ஆவது பிரிவு அநாகரிகமான உடைக்கு 40 கசையடிகள் வரை விதிக்க இடமளித்தது. ஐக்கிய நாடுகள் தூதுக்குழுவில் பணியாற்றிய காரணத்தால் தமக்கிருந்த விடுபாட்டுரிமையைத் துறப்பதற்காக, லுப்னா அந்த வேலையையே இராஜிநாமாச் செய்தார். விசாரணைக்கும் காற்சட்டையுடனேயே போனார். செப்டெம்பர் 7 ஆம் திகதி 500 சூடான் பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. கட்ட மறுத்துச் சிறைக்குச் சென்றார். மறுநாள் பத்திரிகையாளர் சங்கம் பணத்தைக் கட்ட, விடுவிக்கப்பட்டார்.

இரண்டாவது செய்தியை நாங்கள் பிரசுரித்தோம். அப்போது நான் செய்திமேசையில் இருந்தேன். ஒரு பத்திரிகையாளர் காற்சட்டைக்காகச் சிறை சென்றார் என்றால் எந்தப் பத்திரிகையாளனுக்குத்தான் அது செய்தியல்ல? முதலாவது எங்கள் கண்ணிலேயே படவில்லை. அந்தப் பெப்ரவரியில் எங்கள் பக்கங்கள் முழுவதிலும் வன்னியே இருந்தது. உலகச் செய்திக்கு ஒதுக்க இடம் கிடைத்ததே அரிது. ஆனால் அது முழு உண்மையல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தச் செய்தி வந்து சேர்ந்திருந்தாலும், அமைதியான ஒரு மாதத்தில் வந்திருந்தாலும், கடைசிப் பக்கத்து மூலையில் வேடிக்கைச் செய்தியாகவே அதைப் போட்டிருப்போம். ஏன் அப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் விடயம்.

இதை எழுதத் தூண்டியவள் என் நண்பர் ஒருவரின் மகள். சட்டம் படிக்கிறாள். ஆண், பெண் என்று பிரித்து உடை விதிக்கும் ஒழுங்குகள் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறதாம்.

"மாமா, இப்பிடியான விதியள் பொம்பிளையளுக்கு எதிரான பாகுபாடா, இல்லாட்டித் திருநர்களுக்கு எதிரான வெறுப்பா? எங்கட விரிவுரையாளர் ரெண்டில ஒண்டைத் தெரிவுசெய்து வாதாடச் சொல்லியிருக்கிறார்" என்றாள்.

எனக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. சில நாட்கள் பழைய குறிப்புகளையும் நூல்களையும் புரட்டினேன். பிறகுதான், இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னதே பிழை என்று தோன்றியது.

கயானாவின் அந்தச் சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். அது 1893 ஆம் ஆண்டுக்குரியது. நாடு அப்போது பிரித்தானிய கயானா. கரும்புத் தோட்டங்களில் அடிமைமுறை ஒழிந்த பின்னர் 1838 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கொண்டுசெல்லப்பட்ட நாடு அது. சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழர்களும் அவர்களில் அடங்குவர். அங்கே 'மதராசிகள்' என்று பெயர்பெற்று, காளியம்மனையும் மாரியம்மனையும் கூடவே கொண்டுபோனவர்கள் அவர்களே. தோட்டத்துக்கு வெளியே தெருவில் நடமாடும் மனிதர் எவராயினும் அவரைக் கண்காணிக்க வேண்டும் என்ற கவலை அந்தக் காலனித்துவ நிர்வாகத்துக்கு எப்போதும் இருந்தது. தெருவோரச் சிறு குற்றங்களை நீண்ட பட்டியலாக இட்டது அந்தச் சட்டம். அதன் 153 ஆம் பிரிவில் 47 ஆவது இலக்கத்தில் இந்தக் குற்றம் வருகிறது: பொதுவழியிலோ பொது இடத்திலோ, தகாத நோக்கம் எதற்காகவேனும், ஆணாயிருப்பவர் பெண்ணுடையிலும் பெண்ணாயிருப்பவர் ஆணுடையிலும் தோன்றுவது.

வாசகத்தைக் கவனியுங்கள். அது இரு பாலாரையும் ஒரே தராசில் வைக்கிறது. ஆனால் 2009 ஆம் ஆண்டில் ஜோர்ஜ்டவுன் தெருக்களில் காற்சட்டை அணிந்து நடந்த ஆயிரக்கணக்கான பெண்களை எந்தப் பொலிஸ்காரரும் மறிக்கவில்லை. பாவாடை கட்டியவர்களே பிடிபட்டார்கள்.

இந்தச் சட்டங்களை இங்கிலாந்தின் ஒழுக்கநெறியின் ஏற்றுமதி என்று சொல்வது வழக்கம். நானும் பல காலம் அப்படித்தான் நம்பியிருந்தேன். வரலாறு அவ்வளவு நேரானதல்ல. 1870 ஏப்ரல் 28 ஆம் திகதி இரவு லண்டனின் ஸ்ட்ரான்ட் அரங்கை விட்டு வெளியே வந்த ஏர்னஸ்ட் போல்ட்டன், பிரெடெரிக் பார்க் என்ற இரு இளைஞர்கள் பெண்களின் மாலைநேர ஆடையில் கைதுசெய்யப்பட்டார்கள். போல்ட்டன் நாடகங்களில் பெண்பாத்திரமேற்று நடித்தவர். விக்டோரியா காலத்து லண்டன் முழுவதும் அந்த வழக்கைப் பற்றிப் பேசியது. ஆனால் பெண்ணுடை அணிவது மாத்திரமே அங்கு பாரதூரமான குற்றமாக இருக்கவில்லை. எனவே இயற்கைக்கு மாறான குற்றத்துக்குச் சதிசெய்தனர் என்று வழக்குத் தொடர்ந்தார்கள். 1871 மே மாதத்தில், பிரதம நீதியரசர் கொக்பேர்ன் முன்னிலையில், ஜூரிகள் அவர்கள் குற்றவாளிகளல்லர் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

அதே 1871 ஆம் ஆண்டு ஒக்டோபரில் இந்தியாவில் பிரித்தானியர் குற்றப் பழங்குடிகள் சட்டத்தை இயற்றினார்கள். சில சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகளாக முத்திரை குத்திய சட்டம் என்றே அதை நாம் அறிவோம். அதற்கு இரண்டாவது பாகம் ஒன்று இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஹிஜ்ராக்கள் என்று வட இந்தியாவில் அழைக்கப்படும் மக்களை இலக்காகக் கொண்டது அந்தப் பாகம். சந்தேகத்துக்குரியவர்கள் என்று அதிகாரிகள் கருதியவர்களின் பெயரும் வசிப்பிடமும் பதிவேட்டில் ஏற்றப்பட்டன. பதிவேட்டிலுள்ள ஒருவர் பெண்ணைப் போல் உடுத்தோ அணிகலன் பூண்டோ தெருவில் தோன்றினால், அல்லது தெருவிலிருந்து பார்ப்பவர்கள் காணும் நோக்குடன் வேறோரிடத்தில் தோன்றினால், பிடியாணை இன்றியே கைதுசெய்யலாம். இரண்டு ஆண்டுகள் வரை சிறை. பொது இடத்தில் ஆடினாலும் இசைத்தாலும் அதே தண்டனை. தம் வீட்டு வாசலில் வளையல் அணிந்து நின்றவரும் அகப்படக்கூடிய விதத்தில் எழுதப்பட்ட வாசகம் அது. லண்டனில் ஜூரிகளால் குற்றமாகக் காணப்படாத ஒன்று, ஐந்து மாதங்களில், அதே முடியாட்சியின் கீழிருந்த இன்னொரு நாட்டில் சிறைக்குரிய குற்றமாயிற்று.

அந்தச் சட்டம் எத்தகைய மனோபாவத்தை வளர்த்தது என்பதற்கு 1884 ஆம் ஆண்டு அலகாபாத் மேல் நீதிமன்றம் தீர்த்த கைராத்தி வழக்கு சாட்சி. கைராத்தி பெண்ணுடையில் பெண்களுடன் இருந்து பாடிக்கொண்டிருந்தபோது பொலிஸாரின் கண்ணில் பட்டவர். மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டு 377 ஆவது பிரிவின் கீழ் குற்றவாளியாகக் காணப்பட்டார். எப்போது, எங்கே, யாருடன் என்ற எந்த விபரமும் குற்றப்பத்திரிகையில் இருக்கவில்லை. மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனால் விடுவித்த நீதிபதியே இத்தகைய பழக்கங்களை ஒடுக்க விரும்பிய அதிகாரிகளின் எண்ணத்தைத் தாம் மெச்சுவதாகவும் சொல்லி வைத்தார். உடையே சான்றாகவும் பாட்டே குற்றமாகவும் ஆன இந்த வழக்கை, 130 ஆண்டுகள் கழித்து 2014 இல், மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் நினைவுகூர்ந்தது.

இனி மறுபக்கம். ஆணுடை அணிந்த பெண்களைச் சட்டம் சும்மா விட்டுவிடவில்லை. 1800 நவம்பர் 7 ஆம் திகதி பாரிஸ் பொலிஸ் தலைமையகம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஆணைப் போல் உடுக்க விரும்பும் பெண் மருத்துவச் சான்றிதழுடன் வந்து அனுமதி பெற வேண்டும் என்றது ஆணை. மிருகங்களை வரைவதற்காகச் சந்தைகளிலும் கொல்களங்களிலும் சுற்றித் திரிந்த ஓவியர் ரோசா பொன்ஹர் இத்தகைய அனுமதிச் சீட்டுப் பெற்றே காற்சட்டை அணிந்தார். பிறகு 1892 இலும் 1909 இலும் விதி தளர்ந்தது: கையில் சைக்கிளின் கைபிடியோ குதிரையின் கடிவாளமோ இருந்தால் பெண் காற்சட்டை அணியலாம்! சைக்கிளை விட்டு இறங்கிச் சுவரில் சாத்திவிட்டுக் கடைக்குள் போனால் என்ன ஆகும் என்று ஆணை சொல்லவில்லை. அந்த ஆணைக்குச் சட்டவலு இல்லை என்று பிரான்ஸின் மகளிர் உரிமை அமைச்சர் உத்தியோகபூர்வமாக அறிவித்தது 2013 ஜனவரியில்.

பெண் காற்சட்டைக்கு வந்து சேர இரண்டு நூற்றாண்டுகள் எடுத்தன. ஆனால் வந்து சேர்ந்தாள். ஆண் என்று பதியப்பட்ட ஒருவர் பாவாடைக்கு வர முடியவில்லை. ஏன் இந்த வேறுபாடு?

விடை எங்கள் மொழியிலேயே இருக்கிறது. தேர்தல் மேடைகளில் எத்தனை தடவை கேட்டிருப்போம்: 'முடியாவிட்டால் சேலை கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கட்டும்.' கோழை என்று கருதப்பட்டவருக்கு வளையலும் சேலையும் பொதி செய்து அனுப்பும் வழக்கம் தமிழகத்து அரசியலில் உண்டு. இங்கும் அந்தப் பேச்சுக்குக் குறைவில்லை. ஒரு பெண்ணைப் பார்த்து 'நீ களிசான் போட்டவள்' என்று சொன்னால் அதிலே கண்டனம் இருக்கலாம், அச்சமும் ஓரளவு இருக்கும். ஓர் ஆணைப் பார்த்துச் 'சேலை கட்டு' என்றால் அதில் இகழ்ச்சி தவிர வேறொன்றும் இல்லை. பெண் ஆணுடைக்கு மாறினால் மேலே ஏறுகிறாள் என்றும், ஆண் பெண்ணுடைக்கு மாறினால் கீழே இறங்குகிறான் என்றும் சமூகம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. ஏற முயன்றவளுக்கு அடக்கம் கற்பிக்க வேண்டும். இறங்கியவனை மனிதனாகவே மதிக்கத் தேவையில்லை. இரண்டு தண்டனைகளுக்கும் அடியில் இருப்பது பெண் தாழ்ந்தவள் என்ற ஒரே எண்ணம். கார்ட்டூமையும் ஜோர்ஜ்டவுனையும் வெவ்வேறு தலைப்புகளின் கீழ் வைப்பது அதனால்தான் எனக்குச் சரியாகப் படவில்லை.

இதை அவளிடம் சொன்னேன். அவள் அரைமனதுடனேயே தலையாட்டினாள்.

"அது சரி மாமா. ஆனா சேலை கட்டச் சொல்லிற ரீச்சருக்குக் காசும் நேரமும்தான் போகும். அவையள் லொக்கப்புக்குள்ள போகினம். ரெண்டையும் ஒண்டெண்டு சொல்லேலுமே?"

சொல்ல முடியாது. வேர் ஒன்றாயிருந்தாலும் சுமை ஒன்றல்ல. அவள் குறிப்பிட்ட சேலை விடயத்தையும் அதனாலேயே இங்கு பதிவுசெய்கிறேன்.

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களுக்குப் பின்னர், மே 29 ஆம் திகதி, பொது நிர்வாக அமைச்சு ஒரு சுற்றுநிருபம் வெளியிட்டது. அரச அலுவலகங்களில் ஆண்கள் காற்சட்டையும் மேற்சட்டையும் அல்லது தேசிய உடையும், பெண்கள் சேலை அல்லது கண்டிய ஒசரியும் அணிய வேண்டும் என்றது அது. எழுத்தளவில் அது ஆண் பெண் உடை பற்றிய விதி. நடைமுறையில் அபாயா அணிந்த முஸ்லிம் பெண் அலுவலர்களே வாசலில் தடுக்கப்பட்டார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு ஆட்சேபித்தது. எதிர்ப்புகளின் பின்னர் சுற்றுநிருபம் திருத்தப்பட்டது. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது, நவம்பரில், ஆசிரியைகள் சிலர் சேலையல்லாத கண்ணியமான உடையில் பாடசாலைக்குச் சென்று தமது படங்களைப் பகிரங்கப்படுத்தினர். சேலையின் விலை, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு செய்யும் பயணம், இவையே அவர்கள் சொன்ன காரணங்கள். கல்வி அமைச்சு இணங்கவில்லை. பண்பாடு பற்றிய பேச்சு மீண்டும் எழுந்தது.

அந்தப் பண்பாட்டின் வயது எவ்வளவு? கரையோரச் சிங்களப் பெண்களிடையே சேலை பரவலானது இருபதாம் நூற்றாண்டில். அநகாரிக தர்மபால போன்றவர்களின் பிரசாரம் அதற்கு உந்துதல் தந்தது. நம்மவரான ஆனந்த குமாரசுவாமி மேனாட்டு உடைமோகத்தைச் சாடி 1905 இல் எழுதினார். அவர்களின் கவலையில் நியாயம் இருக்கவே செய்தது. ஆனால் அடுத்த நூறு ஆண்டுகளில் நடந்தது என்ன? ஆண்கள் காற்சட்டையிலும் கழுத்துப்பட்டியிலும் தங்கிவிட்டார்கள். வெள்ளைக்காரனின் காற்சட்டையோடு பாடம் நடத்தும் ஆசிரியரால் நமது பண்பாடு கெட்டது என்று எவரும் சுற்றுநிருபம் எழுதவில்லை. பண்பாட்டை உடலில் சுமக்கும் வேலை பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. ஆறு யார் துணியால்!

எல்லோருக்கும் ஒரே விதமாகப் பொருந்தும் சீருடையை நான் இங்கு குறை சொல்லவில்லை. சட்டத்தரணியின் கறுப்பு மேலங்கி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். உடலைப் பார்த்து உடையைத் தீர்மானிக்கும் விதியோ வேறு வகையானது. 'பெண்கள் இதை அணிய வேண்டும்' என்று எழுதிய கணமே, யார் பெண் என்று தீர்மானிக்க வாசலில் ஒருவரை நிறுத்தியாக வேண்டும்.

அந்த வாசலை நான் பார்த்திருக்கிறேன். யுத்தகாலத்துச் சோதனைச் சாவடிகளில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பஸ்ஸிலிருந்து இறங்கிப் பையுடன் நடந்தே கடக்க வேண்டும். ஒரு நாள் எனக்கு முன்னால் சென்ற ஒருவர் சல்வார் அணிந்து, கூந்தலைப் பின்னியிருந்தார். பெண்கள் வரிசையில் நின்றவரின் அடையாள அட்டையைப் பார்த்த பெண் சிப்பாய் ஆண்கள் பக்கம் போகச் சொன்னார். ஆண்கள் பக்கத்தில் நின்ற சிப்பாய் சிரித்துவிட்டு மறுபடி பெண்கள் பக்கம் கையைக் காட்டினார். மூன்று தடவை அவர் இங்குமங்கும் நடந்தார். பஸ் புறப்பட நேரமாகிறது என்று எங்களில் சிலர் முணுமுணுத்தோம். நானும் முணுமுணுத்தேன். பஸ் அவரை விட்டுவிட்டே புறப்பட்டது.

கயானாவில் இருந்ததைப் போல, பெண்ணுடை அணிந்த ஆணைத் தண்டிக்கும் தனிப்பிரிவு இலங்கைச் சட்டத்தில் இருந்ததில்லை. அது தேவைப்படவும் இல்லை. 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் பொலிஸாரின் கையில் இருந்தது. பிரித்தானியாவின் 1824 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்தது அது. 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 399 ஆவது பிரிவும் இருந்தது. ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுவது பற்றியது அந்தப் பிரிவு. இன்னொருவரின் பெயரில் பரீட்சை எழுதுபவனையும் இறந்தவனின் பெயரில் பணம் பெறுபவனையும் பிடிப்பதற்காக எழுதப்பட்டது. அதைச் சேலை கட்டியவர் மீது பிரயோகிக்கலாம் என்று கண்டுபிடித்தது பொலிஸாரின் கெட்டித்தனம். தன்னைத் தவிர வேறெவராகவும் தோன்ற முயலாத ஒருவர் யாரை மாறாட்டம் செய்தார்? இந்தக் கேள்வியை நீதிமன்றங்களில் கேட்க அந்த மனிதர்களிடம் பணமோ சட்டத்தரணியோ இருக்கவில்லை. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2016 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய அறிக்கையில் இந்தப் பிரிவுகளின் பெயரால் நடந்த கைதுகளும் அவமதிப்புகளும் பதிவாகியுள்ளன. அதே ஆண்டில்தான் சுகாதார அமைச்சின் சுற்றுநிருபம் மூலம் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் வழங்கும் முறை வந்தது. அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் திருத்தம் பெறலாம். ஆனால் அதற்கு வைத்தியர்களின் வாசலைக் கடக்க வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் கூத்து மரபு நினைவுக்கு வருகிறது. நான் சிறுவனாக இருந்த காலத்தில் கோயில் வெளிகளில் விடியவிடிய நடந்த கூத்துகளிலும் இசை நாடகங்களிலும் சந்திரமதிகளும் வள்ளிகளும் ஆண்களே. அவர்களின் நடையையும் ஒப்பாரியையும் பார்த்துக் கிழவிகள் கண்ணீர் விட்டதை நான் அருகிருந்து கண்டிருக்கிறேன். பொழுது விடிந்ததும் சேலையைக் களைந்து சாறத்தைக் கட்டிக்கொள்ளும் வரையில்தான் அந்த மதிப்பு. களையாமல் சந்தைக்கு நடந்துபோக நினைத்தவருக்கு எங்கள் ஊர் வைத்திருந்த சொற்களை இங்கு எழுதுவதற்கில்லை. 1893 ஆம் ஆண்டுக் கயானாச் சட்டத்தின் 'தகாத நோக்கம்' என்ற சொற்களின் பொருளும் இதுவே. மேடையில் என்றால் தகும். தனக்காக என்றால் தகாது.

அந்தச் சொற்களிலேயே சட்டம் இடறி விழுந்தது. கைதானவர்களில் நால்வர் 2010 இல் வழக்குத் தொடர்ந்தார்கள். 2013 இல் பிரதம நீதியரசர் இயன் சாங், கைதுக்கான காரணத்தைச் சொல்லாமை உரிமை மீறல் என்று நட்டஈடு வழங்கினார். தம் பால் அடையாளத்தை வெளிப்படுத்த உடை மாற்றுவது குற்றமல்ல, தகாத நோக்கத்துக்காகச் செய்தால் மட்டுமே குற்றம் என்றும் விளக்கினார். நல்லது, தகாத நோக்கம் என்றால் என்ன? அதற்கு விடை இருக்கவில்லை. சட்டம் நிலைத்தது. 2017 இல் மேன்முறையீடும் தோற்றது. கடைசியில் வழக்கு திரினிடாட்டில் அமர்ந்திருக்கும் கரீபியன் நீதிமன்றத்துக்குப் போனது. 2018 நவம்பர் 13 ஆம் திகதி ஐந்து நீதிபதிகளும் ஏகமனதாக அந்த 47 ஆவது இலக்கத்தை வெட்டி எறிந்தார்கள். எவருக்கும் விளங்காத வாசகத்தால் மனிதரைத் தண்டிக்க முடியாது என்றார்கள். சமத்துவ உரிமையையும் கருத்து வெளியீட்டு உரிமையையும் மீறுவது என்றார்கள். ஒருவர் தெரிவுசெய்யும் உடை தாம் யார் என்று அவர் சொல்லும் முறைகளில் ஒன்று என்பதை ஏற்றார்கள். நீதவானின் அந்த அறிவுரைக்கும் மெல்லிய குட்டு ஒன்று விழுந்தது. 2021 இல் கயானாப் பாராளுமன்றம் அந்தக் குற்றத்தைச் சட்டப் புத்தகத்திலிருந்தே நீக்கியது. சூடானில், அதற்கு முன்பே, 2019 நவம்பரில், புதிய இடைக்கால அரசு பொது ஒழுங்குச் சட்டங்களை நீக்கியிருந்தது.

கயானாத் தீர்ப்பில் எங்களுக்கு நேரடியாகப் பயன்படும் பகுதி ஒன்று உண்டு. உள்நாட்டு நீதிமன்றங்கள் இரண்டும் அந்தச் சட்டத்தைக் காப்பாற்றக் காட்டிய முக்கிய காரணம், சுதந்திரத்துக்கு முன்னைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுடன் முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்ற அரசியலமைப்பு வாசகம். அத்தகைய வாசகத்தை எவ்வளவு குறுக்கிப் பொருள்கொள்ள முடியுமோ அவ்வளவு குறுக்க வேண்டும் என்றது கரீபியன் நீதிமன்றம். இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பில் 16 ஆவது உறுப்புரையின் முதலாம் பந்தி அதே வேலையைச் செய்கிறது. அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துடன் முரண்பட்டாலும் ஏற்கெனவே இருந்த சட்டங்கள் யாவும் வலுவிலிருக்கும் என்கிறது அது. 12 ஆவது உறுப்புரையில் எத்தனை அழகான சமத்துவம் எழுதப்பட்டிருந்தாலும், 1841 உம் 1883 உம் அந்த மதிலுக்கு அப்பால் பத்திரமாக இருக்கின்றன. "மாமா, நான் இதைத்தான் எழுதப்போறன்" என்றாள் அவள். விரிவுரையாளரின் கேள்வியை அவள் மறந்தேவிட்டாள்.

எழும்பும்போது, "நீங்கள் கோட்ஸ் ரிப்போர்ட் பண்ணின காலத்தில இப்பிடிக் கேஸ் ஒண்டும் வரேல்லையோ?" என்று கேட்டாள்.

வந்தது. 1990களின் முற்பகுதி. கொழும்புப் பகுதி நீதவான் நீதிமன்றம் ஒன்றில் திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தினுள் சேலை உடுத்திய ஒருவரைக் கூண்டில் ஏற்றினார்கள். சிரிப்பொலி அடங்கச் சில நிமிடங்கள் எடுத்தன. அவர் ஏதோ சொன்னார். நீதவான் தண்டப்பணம் விதித்தார். நான் அலுவலகத்துக்குத் திரும்பி எழுதிக் கொடுத்தேன். தலைப்பையும் நானே போட்டேன். செய்தி ஆசிரியர் என் முதுகில் தட்டிப் பாராட்டினார்.

அவள் போன பிறகு அந்தக் காலத்து நறுக்குகள் உள்ள பெட்டியை இறக்கித் தேடினேன். கிடைத்தது. 'பெண் வேடத்தில் திரிந்த ஆண் பிடிபட்டார்.' நான்கே வசனங்கள். அவருடைய முழுப்பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, வசித்த தெருவின் பெயரும் இருக்கிறது. சேலை என்ன நிறம் என்றும் எழுதியிருக்கிறேன். கூண்டில் நின்று அவர் சொன்னது மட்டும் இல்லை. நான் குறித்துக்கொள்ளவில்லை.